பட்டு முடிச்சு

லோரிச் சத்தம் கேட்டதுமே காளியம்மாவின் கையிலிருந்த மரவள்ளிக் கிழங்கு நழுவித் தரையில் உருண்டது.

"அலமாக்! கத்தரினு, இங்கதான் வருது!"

கத்தரின் எழுந்து நிற்கப் பார்த்தாள். இடது பாதம் இடம் கொடுக்கவில்லை. மண்வெட்டி பட்ட காயம் புண்ணாகிக் கணுக்கால்வரை வீங்கிக் கிடந்தது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துச் சுவரைப் பிடித்து நொண்டியபடி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த லோரி, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு எண்ணுகிற பெரட்டுக் களத்தில் சடாரென்று நின்றது. பின்பக்கம் காலியாக இருந்தது. காலியாக வருகிற லோரி காலியாகத் திரும்பிப் போகாது.

ஜப்பான் சிப்பாய்கள் தொப் தொப்பென்று குதித்தார்கள். அவர்களுக்கு முன்னால், அரைக்கால் சிலுவாரை இழுத்து விட்டுக்கொண்டு இறங்கியவர் தோட்டத்துக் கங்காணி, ஐயாசாமி மண்டோர்.

"சயாம் லோரி" என்றாள் காளியம்மா, உதடு அசையாமல்.

அந்த வருஷம் ஜொகூரில் தங்காக் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். ஆள் வேண்டுமாம். நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு ஆசை காட்டுகிற சிரமத்தையும் விட்டுவிட்டு, கையில் அகப்பட்டவனை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருத்தனாவது திரும்பி வந்ததாக இந்தத் தோட்டத்தில் யாரும் கேள்விப்படவில்லை.

கத்தரினின் புருஷன் ஸ்டானிஸ்லாஸ், காளியம்மாவின் புருஷன் லெட்சுமணன், இன்னும் மிச்சமிருந்த ஆண்கள் எல்லாரும் அந்நேரம் ஓடைக்கு அந்தப்பக்கக் குன்றில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். லயத்துக்குப் பின்னால் நின்றால் அந்தக் குன்று தெரியும். லயத்திலிருந்து ஒரே சரிவு, சரிவு முழுக்க ரப்பர் மரம், அடியில் ஓடை, ஓடைக்கு மேலே மரமெல்லாம் வெட்டி மொட்டையாக்கிய குன்று. அதில் எறும்புபோல ஆட்கள். அவர்களுக்குப் பின்னாலேயே காடு, காட்டுக்கு மேலே லேடாங் மலை. நாலு பாய்ச்சல் பாய்ந்தால் காட்டுக்குள் மறைந்துவிடலாம்.

ஆனால் அங்கே இருப்பவர்களுக்குப் பெரட்டுக் களம் தெரியாது. லயம் மறைக்கும். ஓடை இரைச்சலில் லோரிச் சத்தமும் கேட்காது. கத்திக் கூப்பிட்டால் முதலில் கேட்பது சிப்பாயின் காதுக்குத்தான்.

யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

"நான் ஓடட்டுமா?" காளியம்மா தன் நிறைமாத வயிற்றைத் தடவிக்கொண்டாள். "நான் ஓடினா பிள்ளை பாதி வழியில இறங்கி எனக்கு முன்னாடி ஓடிரும் லா."

இந்த நேரத்திலும் இவளுக்கு எங்கிருந்துதான் சிரிப்பு வருகிறதோ!

"பொம்பளைங்க ஒருத்தரும் லயத்தை விட்டு நகரக் கூடாது!"

மண்டோர் ஒவ்வொரு கதவாகத் தட்டி அதட்டிக்கொண்டே வந்தார். பின்னால் ஒரு சிப்பாய், துப்பாக்கி முனையில் கத்தி பளபளக்க. கத்தரினின் வாசலுக்கு வந்ததும் மண்டோரின் குரல் இரண்டு மடங்கானது. விரலை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"ஏ கத்தரினு! உம் புருசன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? மரவள்ளிக் காட்டுக்குத்தான் இப்பப் போறோம்! ஓடைப் பாலம் லோரியத் தாங்காது, பெரிய ரோட்டச் சுத்தித்தான் போவணும்! அதுக்குள்ள சின்னப் பிள்ளைங்க எதாச்சும் குறுக்கால எறங்கிப் போனா நான் பொறுப்பில்ல, ஆமா! இவனுங்க சின்னதுங்களக் கண்டுக்கவும் மாட்டானுங்க!"

சொல்லிவிட்டுக் கதவுக்கு ஓங்கி ஓர் உதை விட்டார். தமிழ் தெரியாத சிப்பாய்க்கு ரொம்பத் திருப்தி. ஆள் நன்றாக அதட்டுகிறான் என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

அவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும் காளியம்மா வாயைப் பிளந்தாள். "இந்தாளு திட்டிட்டுப் போறானா, வழி சொல்லிட்டுப் போறானா?"

"பிள்ளைங்க யாரு இருக்கா காளி? யாரு இருக்கா?"

யாரும் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் ஜப்பான் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். லயத்தில் இருந்தது ஒரே ஒரு பிள்ளை.

அது கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டியது. டோரிஸ். ஏழு வயது. சாக்கில் தைத்த பாவாடை.

"நான் போறேம்மா."

"நீ வாய மூடு!"

கத்தரின் அவளைக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

டோரிஸ் பிறக்கும்போதே நெஞ்சில் ஒரு சத்தத்தோடு பிறந்தவள். ரப்பர் ஷீட் உருட்டுகிற மெஷின் மாதிரி, குர்ர் குர்ர் என்று நிற்காத சத்தம். காதை வைத்தால் கேட்கும். மற்றப் பிள்ளைகளின் நெஞ்சு துடிக்கும், ஓயும், மறுபடி துடிக்கும். இவளுக்கு ஓய்வே கிடையாது. பால் குடித்தால் வேர்க்கும், பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். தோட்டத்து டாக்டர் சிங்கப்பூருக்கு எழுதிப்போட, சண்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர் பிள்ளையின் நெஞ்சைத் திறந்தார்.

"இருதயத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் குழாய். பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டியது, மூடவில்லை. பட்டு நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். இந்த வைத்தியமே புதுசு, என் கையில் இவள்தான் முதல் பிள்ளை. மூன்று மாசம் கழித்துக் கூட்டி வாருங்கள். நான் பார்க்கும்வரை ஓடவிடாதீர்கள்." ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் அதைத் தமிழில் சொன்னார்.

மூன்று மாசத்துக்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். டாக்டர் கம்பி வேலிக்குள் போய்விட்டார். சிங்கப்பூருக்குப் பெயரே மாறிவிட்டது. "ஓடவிடாதீர்கள்" மட்டும் மாறவில்லை.

பட்டைப் பற்றிக் கத்தரினுக்குத் தெரியும். தங்காக்கில் கல்யாணத்துக்கு எடுத்த பாசிப்பச்சைப் பட்டுப்புடவை டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஜொகூர் ஈரத்தில் பட்டு நிற்குமா? மடித்த இடமெல்லாம் இற்றுப்போய், விரல் பட்டால் பொடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். புதிதாக ஒரு மடிப்பு விட்டிருந்தால் டோரிஸுக்கு அந்த வாரம் ஒரு கட்டு கூடும். முதலில் ஓடக் கூடாது. அப்புறம் கயிறு தாண்டக் கூடாது. அப்புறம் ஓடைப் பக்கம் போகக் கூடாது. ஜப்பான் பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையாக நிற்கவைத்துக் குதிக்கச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பள்ளிக்கூடமும் கூடாது.

"அந்தப் புடவையை வெட்டிப் பிள்ளைக்குப் பாவாடை தைடி. சாக்கு இடுப்பைக் கீறுது" என்பாள் காளியம்மா.

"தொடாத. அது இத்துப்போறத வச்சுத்தான் இவ நெஞ்சுக்குள்ள இருக்கற நூல் எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

மருந்துப் பெட்டியோடு சைக்கிளில் வரும் ஆஸ்பத்திரி டிரெஸர் சதாசிவம் ஒருதரம் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அம்மா, நூலப் பத்தி இனி என்னம்மா கவலை? உள்ள எப்பவோ சதை வளந்து மூடிருக்கும். பிள்ள நல்லாருக்கு, ஓடட்டும்."

"கட்டினவர் நீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப கட்டினவர் வந்து சொல்லட்டும்."

அவளே காதை வைத்துப் பார்த்திருக்கலாம். ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாளிலிருந்து ஒருதரம்கூட வைக்கவில்லை. அந்த மெஷின் திரும்பவும் ஓட ஆரம்பித்திருந்தால்? வேண்டாம். தெரியாமல் இருப்பதே மேல்.

பெரட்டுக் களத்தில் லோரி உறுமியது. காவலுக்கு ஒரு சிப்பாயை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கத்தரின் மகளைப் பார்த்தாள். பின்வாசல் வழியாக அந்தக் குன்றைப் பார்த்தாள். எறும்புகள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று ஸ்டானிஸ்லாஸ். புருஷனா, பிள்ளையா? மாதாவே, இப்படி ஒரு கேள்வியை எந்தப் பொம்பளையிடமும் கேட்காதே!

தண்ணீர் டின்னை எடுத்து டோரிஸின் கையில் திணித்தாள்.

"ஓடைக்குத் தண்ணிக்குப் போற மாதிரி போ. அப்பாகிட்ட லோரின்னு மட்டும் சொல்லு, போதும். நடந்து போ. ஓடினேன்னு தெரிஞ்சுது, கொன்னுடுவேன்."

"வேகமா நடக்கவா?"

"வேகமா... இல்ல, மெதுவா. மெதுவா, ஆனா சீக்கிரமா!"

டோரிஸ் டின்னை ஆட்டிக்கொண்டு வெளியே போனாள். லயத்து முனையில் காவல் நின்ற சிப்பாய் "ஓய்!" என்றான்.

கத்தரின் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

டோரிஸ் நின்றாள். டின்னைக் கீழே வைத்தாள். இடுப்பை வளைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல, அழகாக ஒரு கும்பிடு போட்டாள். சிப்பாயின் முகம் மலர்ந்துவிட்டது. போ போ என்று கையை அசைத்தான்.

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? கத்தரின் யோசித்து முடிப்பதற்குள் டோரிஸ் சரிவில் இறங்கி முதல் ரப்பர் மரத்தைத் தாண்டியிருந்தாள். நல்ல பிள்ளை. நடந்துதான் போனாள். சிப்பாயின் கண்ணுக்கு மறைந்த மறு நொடி டின் ஒரு பக்கம் பறந்தது. சாக்குப் பாவாடை இடுப்புக்கு ஏறியது.

டோரிஸ் பிய்த்துக்கொண்டு ஓடினாள்!

"ஐயோ!" கத்தரின் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். "நூலு! காளி, நூலு!"

"நூலாவது கயிறாவது! பாருடி, லோரி கெளம்பிருச்சு!"

இடது பக்கம் செம்மண் ரோட்டில் புழுதி எழுந்தது. வலது பக்கம் மரங்களுக்கு நடுவே சாக்குப் பாவாடை மின்னி மறைந்தது. புழுதி முதல் வளைவைத் தாண்டியது. பாவாடை இரண்டு வரிசையை ஒரே மூச்சில் கடந்தது. வழியில் ஒரு மழைக்குழி, கத்தரின் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது டோரிஸ் அந்தப்பக்கம் இருந்தாள். கீழே பார்க்கக்கூட இல்லை, ஒரே தாண்டு!

"சபாஷ்!" காளியம்மா தொடையில் தட்டினாள்.

டோரிஸ் வேர் தடுக்காமல் ஓடினாள். எந்த மரத்தில் திரும்ப வேண்டுமோ அந்த மரத்தைக் கையால் ஒரு பிடி பிடித்துச் சுழன்று திரும்பினாள். செங்குத்தாக இறங்கும் இடத்தில் குதிங்காலை ஊன்றிச் சறுக்கினாள்.

கத்தரின் துண்டை வாயிலிருந்து எடுத்தாள். முதல் தடவை ஓடுகிற பிள்ளை இப்படி ஓடாது.

"காளி. இது எத்தனை நாளா நடக்குது?"

காளியம்மா வானத்தைப் பார்த்தாள். "எது?"

"காளியம்மா!"

"லயத்துக்கே தெரியும்டி, உனக்குத்தான் தெரியாது. சாயங்காலம் மரவள்ளியப் பாத்துட்டு வரோம்னு அப்பனும் மகளும் போவாங்களே, கெழங்குக்குப் பாட்டா படிச்சாங்க? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அங்கதான் வெளையாடும். உம் புருசன் காவலுக்கு நிப்பாரு. நீ வந்துட்டா சீட்டி அடிக்கறதுக்கு."

அடப்பாவிகளா! கத்தரினுக்குக் கோபம் தலைக்கேறியது. கோபப்பட நேரமில்லாததால் அது அப்படியே அங்கேயே நின்றது.

புழுதி கடைசி வளைவுக்கு வந்துவிட்டது. டோரிஸ் ஓடையை நெருங்கிவிட்டாள். அங்கே பாலத்துக்குச் சற்று மேல்புறம், ஓடைக்குக் குறுக்கே ஒரு மரத்தண்டு கிடக்கும். பாவாடை அதில் ஏறுவது தெரிந்தது. அப்புறம் பெரணிப் புதர் விழுங்கிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை.

குன்றில் எறும்புகள் குனிந்து நிமிர்ந்தன. குனிந்து நிமிர்ந்தன.

"நிமிருங்கடா" என்று முணுமுணுத்தாள் காளியம்மா. அவள் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "டேய் லெட்சுமணா, ஒரே ஒருதரம் திரும்பிப் பாருடா."

லோரி குன்றின் அடிவாரத்துக்கு வந்து நின்றது. சிப்பாய்கள் குதிப்பது தெரிந்தது.

ஓர் எறும்பு நிமிர்ந்தது. கையை வீசியது. அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் குன்றில் மரவள்ளிக் குச்சிகள் மட்டும் நின்றன. எறும்புகளைக் காடு குடித்துவிட்டது.

"போய்ட்டாங்க! கத்தரினு, போய்ட்டாங்கடி!" காளியம்மா அவளைக் கட்டிக்கொண்டு குலுக்கினாள்.

டமார்!

ஓடைப் பக்கத்துக் கொக்கெல்லாம் கலைந்து எழுந்தன. மறுபடியும் டமார்!

இருவரும் கல்லாய் நின்றார்கள். சிப்பாய்கள் காட்டைப் பார்த்துச் சுட்டார்களா? ஓடையைப் பார்த்தா? தெரியவில்லை. லயத்து முனையில் நின்றவன் சத்தம் கேட்டுப் பெரட்டுக் களத்துப் பக்கம் ஓடினான். சிறிது நேரத்தில் புழுதி திரும்பவும் எழுந்து, வந்த வழியே போனது. லோரியின் பின்பக்கம் அந்தத் தூரத்திலும் தெரிந்தது. காலி.

ஆனால் சாக்குப் பாவாடையைக் காணோம்.

மரத்தண்டைப் பார்த்தாள். வரிசை வரிசையாக மரங்களைப் பார்த்தாள். டின் மட்டும் வெயிலில் மின்னியது.

"வந்துருவா லா" என்றாள் காளியம்மா. குரலில் சத்து இல்லை.

கத்தரின் சரிவில் இறங்கினாள். முதலில் நொண்டினாள். மழைக்குழியில் விழுந்து எழுந்தாள். புண் உடைந்து கால் ஈரமானது. அதற்கப்புறம் வலிக்கவே இல்லை. ஓடினாள்.

ஓடைக்கரையில், பெரணிக்கு அடியில், டோரிஸ் மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. வாய் திறந்திருந்தது.

கத்தரின் அவள் பக்கத்தில் விழுந்தாள். சட்டையை விலக்கினாள். விலாவைச் சுற்றி அந்த நீளத் தழும்பு, பல்லி மாதிரி. ரத்தம் இல்லை, குண்டு படவில்லை. அப்படியென்றால் நூல். நூல் அறுந்திருந்தால் என்ன கேட்கும் என்று உலகத்தில் அவளுக்குத்தான் தெரியும். அந்தச் சத்தத்தோடு எத்தனை இரவு படுத்திருக்கிறாள்! ஒன்று அந்த மெஷின் கேட்கும். இல்லை, எதுவுமே கேட்காது.

காதை வைத்தாள்.

குர்ர்ர்ர்...

உடம்பெல்லாம் பச்சைத் தண்ணீரானது. நிற்காத சத்தம். அதே சத்தம். மாதாவே, நான்தானே அனுப்பினேன்!

இல்லை, இரு. இது எங்கிருந்து வருகிறது? ஓடை. பக்கத்தில் ஓடை இரைகிறது. மற்றக் காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். மூச்சை அடக்கினாள்.

டப்-டப். டப்-டப். டப்-டப்.

குதிரை ஓட்டம்! ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் கொஞ்சூண்டு இடம். ஒன்றுமே இல்லாத, சுத்தமான, அமைதியான இடம். துடித்தது, ஓய்ந்தது, மறுபடி துடித்தது. இந்தப் பிள்ளையின் நெஞ்சு ஓய்வெடுத்து அவள் கேட்டதே இல்லை. தலையை எடுக்க மனசு வராமல் அப்படியே கிடந்தாள்.

"அம்மா, உன் முடி கூசுது."

டோரிஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அடி சண்டாளி! செத்த மாதிரி கெடந்தியேடி!"

"அப்பாகிட்ட சொல்லிட்டு இந்தப்பக்கம் ஓடி வந்துட்டேன். லோரி வந்தா படுத்துக் கண்ண மூடிக்கணும்னு அப்பா சொல்லிருக்காரும்மா. போயிருச்சா?"

கத்தரின் அவளை அறைய ஓங்கிய கையாலேயே அள்ளி அணைத்துக்கொண்டாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. தாய்க்குத்தான் அதிகம்.

அந்தப்பக்கக் கரையில் இலை அசைந்தது. ஸ்டானிஸ்லாஸ் தலையை நீட்டினான். அவனுக்குப் பின்னால் லெட்சுமணன், முகமெல்லாம் சேறு.

"கத்தரினு, அவளத் திட்டாத" என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"அவள ஏன் திட்டறேன்? கெழங்குக்குக் காவல் நின்ன ஆளத்தான் தேடறேன்."

லெட்சுமணன் சட்டென்று மரத்துக்குப் பின்னால் போனான். ஸ்டானிஸ்லாஸ் தலையைச் சொறிந்தான். அவன் கண் அவளுடைய காலில் விழுந்தது. "இந்தக் காலோட ஓடியா வந்த?"

"யாரு ஓடினா? நடந்துதான் வந்தேன்."

டோரிஸ் களுக்கென்று சிரித்தாள்.

அவனால் லயத்துக்கு வர முடியாது. லோரி திரும்ப வரும். சயாம் வேலை அடங்கும்வரை காட்டுக்குள்தான் இருந்தாக வேண்டும். அது நாலு பேருக்கும் தெரிந்ததால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "சோறு?" என்று மட்டும் கேட்டாள். "இனி சிப்பாய்ங்க கண்ணு எங்க மேல இருக்கும். நான் வந்தா தெரிஞ்சிரும்."

ஸ்டானிஸ்லாஸ் மகளைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். கேட்கப் பயம்.

"இவ வருவா" என்றாள் கத்தரின்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்தது. கத்தரின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பச்சைப் பட்டைத் தரையில் விரித்து, இற்றுப்போன மடிப்புகளைக் கிழித்து ஒதுக்கினாள். நடுவில் நல்ல துணி தாராளமாகவே இருந்தது. கத்தரிக்கோலை வைத்தாள்.

காளியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "அடியே! பட்டையா வெட்டற? காட்டுக்குப் போறவளுக்குப் பட்டுப் பாவாடையா?"

"பச்சைதானே. இலைக்குள்ள தெரியாது."

டோரிஸ் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். காளியம்மா குனிந்து கீழ் மடிப்பை இழுத்துப் பார்த்தாள். "ஒரு சாண் கொறையுதே, முட்டி தெரியுது. இன்னும் துணி கெடக்கே, ஒட்டுப் போட்டுத் தைக்கலாமே?"

"வேணாம்" என்றாள் கத்தரின், சோற்றுப் பொட்டலத்தை மகளின் இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டே. "நீளமா இருந்தா ஓடறப்ப தடுக்கும்."